அரசியல் படங்கள்: தனியே பார்ப்பதும் கூடிப் பார்ப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்ல அரசியல் படம் ஒன்று வந்தால் போதும், சனம் விழித்துக்கொள்ளும் என்று ஒரு சாராரும், படம் பார்த்து யார் திருந்தினார்கள் என்று மறு சாராரும் உங்கள் வாசகர் பக்கத்தில் எழுதிவருகிறார்கள். இரு சாராரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பார்த்தவர் எங்கே, யாரோடு இருந்து பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இது அளந்து பார்க்கப்பட்ட விடயம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்குப் போரின் நியாயத்தை விளக்கும் படங்களைக் காட்டியது. கார்ல் ஹொவ்லண்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் படம் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் ஒப்பிட்டு 1949இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரித்தானிய வான் போர் பற்றிய படத்தைப் பார்த்தவர்களுக்குத் தகவல் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. படம் நேரடியாகத் தொட்ட சில விடயங்களில் அபிப்பிராயமும் நகர்ந்தது. ஆனால் போரிடும் மனவுறுதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. படம் எடுக்கப்பட்டதோ அதற்காகத்தான். படம் காட்டி ஐந்து நாளின் பின்பும் ஒன்பது வாரத்தின் பின்பும் அளந்து ஒப்பிட்டபோது, தகவல்கள் மறந்துபோயிருக்க, சில அபிப்பிராயங்கள் மட்டும் முன்னைவிட வலுத்திருந்தன. தியேட்டர் வாசலில் மைக் நீட்டிக் கேட்கும் 'படம் எப்படி' என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

நையாண்டிப் படங்களை நம்புவோருக்கும் ஒரு சேதி உண்டு. இனவாதம் பேசும் ஒரு மனிதரைக் கேலி செய்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஆராய்ந்து 1974இல் வெளிவந்த கட்டுரை, இனவாத மனப்பான்மை உள்ள பார்வையாளர்கள் அந்த மனிதரின் பக்கமே சாய்ந்தார்கள் என்று காட்டியது.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு ருவாண்டாவில் நடந்தது. இனப்படுகொலைக்குப் பின் அங்கே ஒலிபரப்பான நல்லிணக்க வானொலி நாடகம் ஒன்றைக் குழுக்கள் ஓராண்டு காலம் கூடியிருந்து கேட்டன. எலிசபெத் லெவி பலக் 2009இல் வெளியிட்ட முடிவு இது: கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. தம்மைச் சுற்றி இருப்பவர்கள் எதைச் சரியென்று ஏற்பார்கள், எதை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற கணிப்பு மாறியது. அதனோடு நடத்தையும் மாறியது. குழுவுக்குள் மாற்றுக் கருத்தைத் துணிந்து சொன்னார்கள். அரசாங்கத்தைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் ஒருவர் உள்ளே வைத்திருக்கும் கருத்தைப் படம் திருப்புவது அரிது. பக்கத்துக் கதிரைக்காரரும் இப்படித்தான் நினைக்கிறாரோ என்ற எண்ணத்தை அது எழுப்பும். கைத்தொலைபேசியில் தனியே பார்க்கும்போது அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை.

தமிழ்நாட்டு வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 'பராசக்தி' வெளியானது 1952இல், திமுக ஆட்சி ஏறியது 1967இல். இடையில் இருந்தவை படிப்பகங்கள், கிளைக் கழகங்கள், நாடக மேடைகள், 1965இன் மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு. வசனத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்ல ஊருக்கு ஊர் ஓர் இடம் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தை மறந்துவிட்டு 'படமே ஆட்சியை மாற்றியது' என்று எழுதுவது சரியல்ல.

அரசியல் படம் என்றால் சுதந்திரத்தின் பக்கம் நிற்கும் படம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஊழல் அதிகாரியை நாயகன் நடுவீதியில் அடித்துச் சாய்க்கும் படங்களும், பொலிஸ் என்கவுண்டருக்குக் கைதட்டல் வாங்கும் படங்களும் அரசியல் படங்களே. அவை கேட்பது கட்டுப்பாடற்ற அதிகாரத்தை. நல்லவன் கையில் இருந்தால் சரி என்கின்றன. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்களான படையினர், பொலிஸார் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்ட ஊர் இது. இங்கே பஞ்சம் வீரத்துக்கு அல்ல, பயமின்றி மன்றுக்கு வந்து சொல்லக்கூடிய சாட்சிக்கு.

அந்த வகையில் 2021இல் வந்த 'ஜெய் பீம்' விதிவிலக்கு. 1993இல் நடந்த பொலிஸ் காவல் மரணத்தை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படத்தின் அச்சாணி, பிடித்துவைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. இங்கு அதைப் பார்த்து அழுதவர்கள் ஏராளம். ஆனால் அந்த மனு இலங்கையிலும் உண்டு, அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், மாகாணத்துக்குள் நடந்த தடுத்துவைப்புக்கு மாகாண மேல் நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம் என்பதைப் படம் சொல்லித் தராது. சாதாரணக் கைதென்றால் 24 மணித்தியாலத்துக்குள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பின்னதில் தடுப்புக்காவல் உத்தரவு இடப்பட்டிருந்தால் கதை வேறு. 2022 திருத்தத்தின் பின் அந்த உத்தரவின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. அப்படிப்பட்ட கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்குக் காலம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சனம் அதிகம் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். திரையிடுபவர்கள் இவற்றை அரைப் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் படம் வீட்டுக்குப் போகும்.

தடை செய்பவர்களுக்குக் கூட்டத்தின் பலம் நன்றாகத் தெரியும். இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட ஒழுங்கு செய்தவர் மீதுதான் மலேசியாவில் வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். இலங்கையில் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் போர் பற்றிய 'புரஹந்த களுவர' படத்தின் வெளியீடு 2000இல் நிறுத்தப்பட்டது. அது உரிமை மீறல் என்று 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அரசு மட்டும்தான் இப்படிச் செய்கிறது என்றும் நாம் சொல்லிக்கொள்ள முடியாது. அதே இயக்குநரின் இன்னொரு படம் 2014இல் சென்னையில் தமிழ் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பயந்து திரையிலிருந்து எடுக்கப்பட்டது. புலிகளையும் விமர்சித்த ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவின் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. பிடிக்காத படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டும் உரிமையையும் சேர்த்தே நாம் தொலைத்தோம். இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் பற்றிய வழக்கில், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது.

இனித் திருகோணமலையில் திரையிட நினைப்பவர்களுக்கு. ஓடிடி சந்தா வீட்டுப் பாவனைக்கானது; பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பொதுக் காட்சிகள் பற்றிய 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழான தணிக்கைச் சபையின் சான்றிதழையும் முன்கூட்டியே பாருங்கள். நிகழ்ச்சியை நிறுத்த வருபவர் முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

நீளம் முக்கியம். 'ஜெய் பீம்' இரண்டே முக்கால் மணி நேரம். அது முடிந்த பிறகு மூதூர், கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள், கதைக்க இருக்கமாட்டார்கள். 90 நிமிடத்துக்கு உட்பட்ட படம், அல்லது நீண்ட படத்தில் 40 நிமிடப் பகுதி, அதன்பின் ஒரு மணி நேரப் பேச்சு என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர்களையும் அழைப்பதானால் சிங்கள உபதலைப்பு கட்டாயம். இரண்டு வரிக்கு மேல் போனால் எவரும் வாசிக்கமாட்டார்கள். மண்டபத்து மின்விசிறி இரைச்சலில் வசனம் அமுங்கிப்போகும், ஆகவே நடுவரிசைக்குப் பக்கத்திலும் ஒலிபெருக்கி வையுங்கள்.

திரையிடல்கள் வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, வாசலில் வைக்கும் வரவுப் பதிவேடு. காசு தரும் நிறுவனம் கேட்கிறதென்று பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதச் சொன்னால், உள்ளே வாய் திறக்க யாருக்கு மனம் வரும்? தலையை எண்ணி அனுப்புங்கள். இரண்டாவது, பிரதம விருந்தினர். படம் முடிந்ததும் அவர் எழுந்து இருபது நிமிடம் விளக்கினால், அங்கே சொல்லத்தக்க கருத்து எது என்பது முடிவாகிவிடும். அவரைக் கடைசியில் பேசவிடுங்கள், முடிந்தால் அழைக்காமலே விடுங்கள். எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, முதலில் 'அந்த அதிகாரி எந்த இடத்தில் சட்டத்தை மீறினார்' என்பது போன்ற தகவல் கேள்வியைக் கேளுங்கள். 'உங்கள் கருத்து என்ன' என்று தொடங்கினால் பெண்களும் இளையவர்களும் பேசமாட்டார்கள்.

படத்துக்கு முன்பும் பின்பும் பெயரில்லாத அட்டை ஒன்று கொடுக்கலாம். அதில் படம் தொடும் ஒரு கருத்து, அதன் கீழ் இரண்டே கேள்வி: 'இதில் நீங்கள் உடன்படுகிறீர்களா?', 'இந்த மண்டபத்தில் பத்துப் பேரில் எத்தனை பேர் உடன்படுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?' பின் அட்டைகளை அங்கேயே எண்ணி, சனம் ஊகித்த எண்ணையும் உண்மையான எண்ணையும் உரக்க வாசியுங்கள். இரு மொழியையும் ஒரே அட்டையில் அச்சிட வேண்டும். வேறு வேறு அட்டை என்றால் எந்தச் சமூகத்தவர் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். எழுத வைக்காமல் புள்ளடி மட்டும் போடவிடுங்கள். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கக்கூடிய சிறிய ஊர் இது.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.