நடக்கவிடாத சண்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைக் கட்டுரையை டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு பார்பர் கடையில் உரக்க வாசித்தேன். அங்கே வந்து உட்காருகிறவர்களில் தமிழ் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வரிக்கு வரி வாசித்து இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜோ லூயிஸும் ராக்கி மார்சியானோவும் இன்றைய ஆறரை அடி ஆட்களிடம் மூன்று ரவுண்டு தாங்கமாட்டார்கள் என்ற இடம் வந்ததும், பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான்கு சனிக்கிழமைகளாக அந்த வழக்கு அங்கே முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 71. செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிங்கில் ஏறியதில்லை. ஆனால் குத்துச்சண்டையை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன், சொத்து மாதிரி.

முதலில் உடம்பு விஷயம். பெரியவன்தான் ஜெயிப்பான் என்றால் 1919ல் ஜெஸ் வில்லார்டு ஜெயித்திருக்க வேண்டும். ஆறடி ஆறங்குலத்துக்கு மேல் உயரம். ஜாக் டெம்ப்ஸி அவரைவிட அரை அடி குட்டை, எடையும் மிகக் குறைவு. முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் விழுந்தவர் வில்லார்டு. 1935ல் ராட்சத உடம்புக்காரரான பிரிமோ கார்னேராவை ஜோ லூயிஸ் ஆறாவது ரவுண்டில் முடித்தார். பழங்கதை வேண்டாம் என்றால், 2024ல் ரியாத்தில் ஆறடி ஒன்பதங்குல டைசன் ஃப்யூரியை ஓலெக்சாண்டர் உசிக் இரண்டு முறை தோற்கடித்தார். இரண்டாவது முறை ஃப்யூரியின் எடை 281 பவுண்டு, உசிக்கின் எடை 226. உசிக் கீழே க்ரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜோ லூயிஸுக்கு வெகுகாலம் பின்னால், தொண்ணூறுகளில் வந்த ஆறடி ஐந்தங்குலச் சாம்பியன் லெனக்ஸ் லூயிஸ் எதிரில் மார்சியானோவை நிறுத்த எனக்கும் மனசு வராது. ஐந்தடி பத்தங்குலம், 185 பவுண்டுக்கு அக்கம்பக்கம். இன்று இருந்தால் அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட் என்றாலும் அந்த உடம்பு அந்தக் காலத்துக்கான உடம்பு.

ஆனால் கட்டுரை எழுதியவர் எந்தக் காலத்துச் சட்டப்படி சண்டை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கோபம் முக்கியமாக அங்கேதான். 1915ல் ஹவானாவில், முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் தோற்ற சண்டை 45 ரவுண்டுக்குப் பேசப்பட்டது. 26வது ரவுண்டில் விழுந்தார். அப்புறம் 15 ரவுண்டு வழக்கமானது. 1982ல் கொரியாவின் டுக் கூ கிம் ரே மான்சினியிடம் அடிபட்டு இறந்த பிறகு ஒவ்வொரு அமைப்பாக 12க்கு இறக்கினார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 1941ஐப் பார்க்கட்டும். பில்லி கான் என்ற லைட் ஹெவிவெயிட்காரர் 12 ரவுண்டு முடியும்போது ஜோ லூயிஸைவிடப் புள்ளியில் முன்னால் இருந்தார். 13வது ரவுண்டில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். 1952ல் மார்சியானோவும் அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளியில் பின்தங்கி இருந்து 13வது ரவுண்டில்தான் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பிடித்தார். இன்றைய 12 ரவுண்டுக் கணக்கை அந்த இரண்டு இரவுகளுக்கும் போட்டுப் பாருங்கள். லூயிஸ் பட்டத்தை இழந்திருப்பார். மார்சியானோ அன்று சாம்பியன் ஆகியே இருக்கமாட்டார். எங்கள் நாட்டிலும் இதே 13 தான். 1980ல் சன் சிட்டியில் எங்கள் நாட்டு ஹெவிவெயிட் கெரி கோட்ஸியை மைக் வீவர் வீழ்த்தியது 13வது ரவுண்டில். அப்படி ஒரு ரவுண்டே இன்று கிடையாது.

அப்புறம், எந்த நாளின் ஆள் என்பது. ஏப்ரல் 2001ல் பிராக்பனில் லெனக்ஸ் லூயிஸ் ஐந்தாவது ரவுண்டில் ஹசிம் ரஹ்மானிடம் விழுந்தார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். டர்பன்காரனான எனக்கு அங்கே தங்கை வீட்டு மாடிப்படி ஏறினாலே முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும். ரஹ்மான் முன்கூட்டியே வந்து அந்தக் காற்றுக்குப் பழகியிருந்தார், லூயிஸ் சண்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது வந்து இறங்கினார். அதே நவம்பரில் அதே ரஹ்மானை நான்காவது ரவுண்டில் படுக்கவைத்ததும் இதே லூயிஸ்தான். 'லெனக்ஸ் லூயிஸ்' என்று பெயரை மட்டும் எழுதினால் இந்த இருவரில் யாரை ரிங்கில் ஏற்றுகிறோம்?

என் பேரன் வீடியோ கேமில் அலியையும் டைசனையும் மோதவிடுகிறான். கணினி சொல்கிறதே தாத்தா என்கிறான். கணினி முன்பே சொல்லியிருக்கிறது. 1969ல் அலியையும், ஓய்வுபெற்று 13 வருடமான மார்சியானோவையும் கேமரா முன்னால் குத்துப்போட வைத்துப் பல முடிவுகளைப் படம் எடுத்து வைத்தார்கள். கணினி தேர்ந்த முடிவு என்று சொல்லி 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டியபோது அமெரிக்காவில் மார்சியானோ 13வது ரவுண்டில் ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் போய்விட்டார்.

உயிரோடு எதிரெதிரே நின்றவர்களிடமே கணக்கு உதவவில்லை. 1971ல் அலியை ஃப்ரேசியர் வென்றார். 1973ல் ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். அப்படியானால் அலியை ஃபோர்மன் என்ன செய்வார் என்று உலகமே நடுங்கியது. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா, எட்டாவது ரவுண்டு: ஃபோர்மன் கீழே, அலி சாம்பியன். எங்கள் கடிகாரத்தில் அது விடிகாலை. அப்போது எங்கள் நாட்டில் டிவி கிடையாது, 1976ல்தான் வந்தது. அப்பா வேலைக்குப் போகுமுன் ரேடியோவில் செய்தி கேட்டு, சாப்பாட்டுக் கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். சாதாரணமாக அவர் குரலே வெளியே கேட்காது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அலியும் ஜோ லூயிஸும் மோதாமல் போனதற்கு யாரும் குற்றவாளி இல்லை. ஒருவர் 1914ல் பிறந்தார், ஒருவர் 1942ல் பிறந்தார். ஆனால் ஒரே வருடம், ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே எடை, அப்படியும் மோதவிடாமல் தடுத்த சண்டைகள் எத்தனை? தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த எங்களுக்குக் கற்பனைச் சண்டை என்றால் அதுதான்.

அப்பா காலத்தில் டர்பன் தமிழர்கள் வாயில் எப்போதும் இருந்த பெயர் சீமன் செட்டி. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பா கடைசியில் ஒன்றையே சொல்வார்: "அந்தப் பக்கத்து ஆளோட ஒரு நாள் விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." அந்தப் பக்கம் என்றால் வெள்ளைக்காரர் பக்கம். நிற ஒதுக்கல் காலத்தில் இரு நிறத்தாரும் ஒரே ரிங்கில் ஏறக்கூடாது. 1950ல் பெனோனி ஊர்க்காரரான விக் டோவீல், இந்த நாட்டின் முதல் உலகச் சாம்பியன், பேண்டம்வெயிட் பட்டம் வென்றார். 1952 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க் கறுப்பின இளைஞர் ஜேக் டூலி இங்கிலாந்துக்குப் போய், நியூகாசிலில் டெடி கார்ட்னரை வென்று பிரிட்டிஷ் சாம்ராஜ்ய ஃப்ளைவெயிட் பட்டத்தோடு திரும்பினார். இருவருக்கும் நடுவில் ஆறு பவுண்டு எடையும் ஒரு சின்ன ரயில் பயணமும்தான். டூலி கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரரோடு குத்தலாம், சொந்த ஊரில் முடியாது.

ஹெவிவெயிட்டிலேயே வேண்டுமானால் 'கிங் காங்' என்று அழைக்கப்பட்ட எசேக்கியல் த்லாமினி. எங்கள் நேட்டாலில் பிறந்தவர். அதே காலத்தில் வெள்ளைக்கார ஹெவிவெயிட் ஜானி ரால்ஃப். யார் மிஞ்சியிருப்பார்? த்லாமினி தன் காதலியைக் கொன்று சிறைக்குப் போய் 1957ல் அங்கேயே தண்ணீரில் மூழ்கி இறந்தார். செய்த கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தன் அளவு என்ன என்று பார்க்க அந்த மனிதருக்கு எதிராளியே கொடுக்கப்படவில்லை என்கிறேன்.

1973 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்கில் கறுப்பரான அமெரிக்கச் சாம்பியன் பாப் ஃபாஸ்டரும் எங்கள் நாட்டு வெள்ளைக்காரர் பியர் ஃபூரியும் மோதினார்கள். அதை நடத்த ஓர் உலகப் பட்டம் தேவைப்பட்டது. 1979ல் பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் மைதானத்தில் கறுப்பின அமெரிக்கர் ஜான் டேட்டும் எங்கள் நாட்டு வெள்ளைக்காரர் கெரி கோட்ஸியும் மோதிய இரவு எனக்கு 25 வயது. எங்கள் தெரு முழுக்க டேட் ஜெயிக்க வேண்டும் என்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சொந்த நாட்டுக்காரன் தோற்கவேண்டும் என்று சாமி கும்பிட்டோம். இதை என் பேரனுக்கு விளக்க முடியவில்லை. 1983ல் அதே கோட்ஸி ஒஹாயோவில் மைக்கேல் டோக்ஸைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபோது அப்பா கை தட்டினார். நிற ஒதுக்கலுக்கு எதிராகக் கோட்ஸி வெளிப்படையாகப் பேசியவர். அது அப்பாவுக்குப் போதும். அடுத்த வருடம் லாரி ஹோம்ஸோடு சண்டை பேசி, பணம் திரளாமல் நின்றுபோனது. அந்தச் சண்டையை இன்றைக்கும் நான் மனசுக்குள் நடத்திப் பார்க்கிறேன். ஹோம்ஸின் இடதுகை ஜாப் என்ற நேர்குத்து, கோட்ஸியின் பலமுறை உடைந்து அறுவை செய்த வலதுகை. ஹோம்ஸ்தான், 11வது ரவுண்டில், என்று என் தீர்ப்பு.

இது எங்கள் நாட்டு நோய் மட்டும் இல்லை. கறுப்பரான ஹாரி வில்ஸுக்கு டெம்ப்ஸியோடு ஒப்பந்தம் வரை போயும் சண்டை இல்லை. ஜாக் ஜான்சன் தோற்றபின் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத இன்னொரு கறுப்பருக்கு 1937 வரை, 22 வருடம், வாய்ப்பே தரப்படவில்லை. அதற்கும் முன்பு இன்னொரு கறுப்பரான சாம் லாங்ஃபோர்டுக்குச் சாம்பியன் ஜான்சனே வாய்ப்புத் தரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ராணுவத்துக்குப் போகமாட்டேன் என்ற அலியை 1967லிருந்து மூன்றரை வருடம் ரிங்குக்கு வெளியே நிறுத்தினார்கள். 25 வயதிலிருந்து 28 வரை அவர் எப்படிக் குத்தியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியும் அலியைச் சந்திக்கவில்லை. 1988 சியோல் இறுதியில் லெனக்ஸ் லூயிஸிடம் தோற்ற ரிடிக் போ, 1992ல் லூயிஸோடு மோதுவதற்குப் பதிலாகத் தன் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அந்தக் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இவர்களில் ஒரு ஜோடியையாவது எடுத்துக்கொள்ளட்டும். எந்த வருடம், எத்தனை ரவுண்டு, எந்த ஊர் என்று சொல்லி எழுதட்டும். பார்பர் கடையில் வாசித்துச் சொல்ல நான் இருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள், இது உங்கள் தென்னாப்பிரிக்க வாசகர்களுக்கு. டர்பனில் பழைய நாட்களில் நம்மவர்கள் குத்துச்சண்டைகளுக்கு அச்சடித்த நோட்டீஸ், டிக்கெட், போட்டோ ஏதாவது தாத்தா பெட்டியில் கிடந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். ஆசிரியருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பா வைத்திருந்த ஒரே நோட்டீஸ், எங்களைக் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது லாரியிலேயே தொலைந்துவிட்டது. அதில் யார் யாரோடு மோதினார்கள் என்று அவர் கடைசிவரை மனப்பாடமாகச் சொல்வார், நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்