பன்னிரண்டு நாற்காலியும் ஒரு துரை பங்களாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தில், ‘பன்னிரண்டு நாற்காலிகள்’ என்ற ரஷ்ய நாவலைப் படமாக்கியவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 1970-இல் மெல் புரூக்ஸ் எடுத்த ஆங்கிலப் படத்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் நேர விரயம் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். சினிமா பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலி பற்றிப் பேசலாம். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டிக்கோயாவில் முப்பது வருடமாகப் பழைய நாற்காலிகளைப் பிரித்து, குஷன் மாற்றி, பிரம்பு பின்னிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரட்சியில் சொத்தெல்லாம் போய், ஒரு சின்ன ஊர்ப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறார் வொரபியானினோவ் என்ற பழைய பிரபு. சாகக் கிடக்கும் மாமியார், நகைகளையெல்லாம் ஒரு நாற்காலி இருக்கைக்குள் வைத்துத் தைத்துவிட்டதாகச் சொல்கிறார். நாற்காலிகள் பன்னிரண்டு, வீட்டோடு சேர்த்து அரசாங்கம் எடுத்துக்கொண்டு நாலா பக்கமும் பிரித்துவிட்டது. பிரபுவோடு ஒஸ்தாப் பெண்டர் என்ற எமகாதகன் ஒருவன் கூட்டுச் சேர்கிறான். மாமியாரின் கடைசிப் பாவ அறிக்கையைக் கேட்கப் போன பாதிரியாரும் விஷயம் தெரிந்து தனியாகக் கிளம்பிவிடுகிறார். இல்ஃப், பெத்ரோவ் என்ற இரண்டு பேர் சேர்ந்து எழுதி 1928-இல் வெளிவந்தது. இருவரும் ரயில்வே தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர்கள், அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இந்தக் கதையை எத்தனை நாடு எடுத்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 1936-இல் இங்கிலாந்தில் நகைச்சுவை நடிகர் ஜோர்ஜ் ஃபோர்ம்பியைப் போட்டு எடுத்தபோது நாற்காலி ஏழு. 1945-இல் அமெரிக்காவில் ஐந்து. 1938-இல் ஜெர்மனியிலும் 1969-இல் இத்தாலியிலும் பதின்மூன்று. ஜெர்மன் படத்தில் மூலக்கதை எழுதியவர்கள் பெயரையே போடவில்லை, ஹிட்லர் காலம், சோவியத் எழுத்தாளர்கள் பெயரைப் போடுவார்களா? இந்தப் படங்களிலெல்லாம் சொந்தக்காரர் ஒருவர் சாகிறார், சொத்து நாற்காலிக்குள் இருக்கிறது, தேடுகிறார்கள், அவ்வளவுதான். நாற்காலி ஏன் வீட்டை விட்டுப் போனது என்ற விஷயத்தைக் கழற்றிவிட்டார்கள். அதைக் கழற்றினால் மிச்சம் புதையல் வேட்டை மட்டும்தான்.

மெல் புரூக்ஸ் அந்தத் தப்பைச் செய்யவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரஷ்யாவிலேயே கதையை வைத்தார் (படம் பிடித்தது யூகோஸ்லாவியாவில்). தெருப் பெயர்ப் பலகையில், கட்சியிலிருந்து துரத்தப்பட்ட புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கியின் பெயரை மட்டும் அடித்து வைத்திருப்பது நல்ல குறும்பு. ஆனால் முடிவில் கை நடுங்கிவிட்டது மனுஷனுக்கு. நாவலில் கடைசி நாற்காலிக்கு முதல் நாள் ராத்திரி, பங்கு கொடுக்க மனமில்லாமல், தூங்குகிற பெண்டரின் கழுத்தைச் சவரக்கத்தியால் அறுத்துவிடுகிறார் பிரபு. பெண்டரைக் கொல்வதா விடுவதா என்று எழுத்தாளர்களுக்கே சண்டை வந்து, சீனிக் கிண்ணத்துக்குள் சீட்டுப் போட்டுப் பார்த்தார்களாம், மண்டையோடு வந்ததாம். அடுத்த நாவலில் அவனை உயிரோடு கொண்டுவந்தபோது அதன் முன்னுரையில் அவர்களே எழுதியது இது. மெல் புரூக்ஸ் படத்தில் கொலை இல்லை. பிரபு தரையில் விழுந்து வலிப்பு வந்தவர் மாதிரி நடிக்க, பெண்டர் கூட்டத்திடம் பிச்சை கேட்க, இரண்டு பேரும் கூட்டாளிகளாகவே இருந்துவிடுகிறார்கள். பார்க்க மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாவலில் இருக்கும் பேராசை இவ்வளவு நல்ல பேராசை கிடையாது.

ரஷ்யர்களே எடுத்ததில் 1971-இல் லியோனித் கைதாய் எடுத்ததை யூடியூப்பில் இனாமாகப் பார்க்கலாம், மகள் போனில் தேடித் தந்தாள், கீழே ஆங்கில எழுத்து ஓடும். 1976-இல் மார்க் சகாரோவ் தொலைக்காட்சிக்காக நாலு பாகமாக எடுத்தார். அதில் பெண்டராக ஆந்திரேய் மிரோனோவ், பிரபுவாக அனதோலி பப்பானோவ். கைதாயின் பெண்டர் ஒரு ஜோர்ஜிய நடிகர், அவருக்குக் குரல் கொடுத்தது வேறு ஆள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்குக் கைதாயின் பிரபுவைத்தான் பிடித்தது, செர்கேய் ஃபிலிப்போவின் அந்த நீண்ட உடம்பும் முழியும் போதும், வசனமே வேண்டாம்.

தொழில்காரனாக ஒரு குறை. எல்லாப் படத்திலும் நாற்காலியைப் போட்டு அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள். பாதிரியார் தப்பான செட்டை விரட்டிக்கொண்டு பாத்தூமி வரை போய், கடற்கரையில் கோடரியால் பிளக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கை ஓரத்து ஆணியைக் கழற்றித் துணியைத் தூக்கினால் இரண்டு நிமிட வேலை ஐயா.

சரி, கட்டுரையில் ஒரு வரிகூட வராத படத்துக்கு வருகிறேன். 1962-இல் கியூபாவில் தொமாஸ் குத்தியேரஸ் அலேயா இதை எடுத்தார். புரட்சி முடிந்து மூன்றே வருடம். பெரிய வீடுகளும் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்கு வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அதே ஹவானாவில், கதையை அப்படியே தூக்கி வைத்தார். 1927-இல் நடக்கிற ரஷ்யக் கதை, ஒட்டுப்போட்ட மாதிரியே தெரியவில்லை. சொத்துப் பறிபோனவனின் முகமும், இனி எல்லாம் நமக்குத்தான் என்று நம்புகிறவர்களின் முகமும் ஒரே தெருவில் நடக்கின்றன.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஏனென்றால் அந்தக் கதை நம்ம பக்கத்தில் நடந்தது. 1972-இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து ஐம்பது ஏக்கருக்கு மேல் இருந்த தனியார் நிலத்தை எடுத்தார்கள், 1975-இல் கம்பெனித் தோட்டங்களையும் எடுத்தார்கள். என் அப்பா அப்போது ஒரு தோட்டத்தில் ஆசாரி. தோட்டத்தை நடத்திய துரை போன பிறகு பங்களாச் சாமான் எப்படிப் பிரிந்தது என்று அடிக்கடி சொல்வார்: சாப்பாட்டு மேசை ஆபீசுக்கு, இரண்டு நாற்காலி கிளார்க்கர் குவார்ட்டர்சுக்கு, ஒன்று மருந்துக் கொட்டிலுக்கு, ஒன்று கோயில் கமிட்டிக்கு, கால் உடைந்தவை இரண்டும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு. தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது, லயம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

இப்போது அந்த மாதிரிப் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டு, பழைய படம் ஒன்றைக் காட்டி, இதில் இருக்கிற நாற்காலிகளே வேண்டும், எங்கே இருந்தாலும் வாங்கிக் கொண்டு வா, வெள்ளைக்காரர்கள் அசல்தான் கேட்கிறார்கள் என்றார். முதிரை மரம், எட்டு நாற்காலி. டிவிசன் டிவிசனாக அலைந்தேன், பெண்டர் மாதிரித்தான், கழுத்தறுக்க மட்டும் ஆள் இல்லை. லயத்துக்காரர்களிடம் இருந்தவற்றுக்கு அவர் கொடுக்கச் சொன்ன விலையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாவலில் கடைசி நாற்காலி இருப்பது ரயில்வே தொழிலாளர் கிளப்பில். காவல்காரர் பல்பு மாட்ட ஏறி விழுந்தபோது நகைகள் கொட்டி, அதில்தான் அந்தக் கிளப்பே கட்டப்பட்டிருக்கிறது. ரயில்வே பத்திரிகைக்காரர்கள் எழுதின முடிவு அது, தங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம்ம பையன்கள் யாராவது இதை ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ எடுத்தால் அந்த வைரம் யாருக்குப் போகும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், கிளப் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கட்டுரை எழுதியவர் அடுத்த முறை கியூபாப் படத்தையும் பார்த்துவிட்டு இதற்கு ஒரு பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

எட்டாவது நாற்காலி கிடைக்கவே இல்லை, அதாவது கிடைத்தது, கொடுக்கவில்லை. லயத்து வாசலில் ஒரு ஆயா அதில்தான் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுத்த காலமெல்லாம் நின்னே கழிஞ்சிருச்சு, இனி உட்காரணும் தம்பி, என்றார். சரி, குஷனாவது மாற்றித் தருகிறேன் என்று அங்கேயே பிரித்தேன். உள்ளே ஒரு கொண்டை ஊசி, எலி கடித்த நார், சதுரமான பழைய ஐந்து சதம் ஒன்று. சதத்தை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார்.

இப்படிக்கு,
ஒரு நாற்காலி ஆசாரி,
டிக்கோயா.