பயிலரங்கு வேண்டாம், ஆள் போடுங்கள்: மருத்துவமனை முதல்வருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கான மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கில், இரவுப் பணி முடிப்பவர்களும் வீடு செல்லாமல் இருந்து கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்ற தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. நிர்வாகத்தின் அக்கறைக்கு நன்றி. ஆனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

சென்ற வாரம் ஓர் இரவில் வென்டிலேட்டரில் ஆறு நோயாளிகள். பணியில் நாங்கள் இருவர். ஒரு நோயாளியை சிடி ஸ்கேனுக்குக் கொண்டுசெல்ல உடனிருந்தவர் போய்விட, மீதி ஐவருக்கும் நான் ஒருத்தி. ஒருவருக்குக் குழாயில் சளி அடைத்து ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. சக்ஷன் கருவியால் அந்தச் சளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப் படுக்கையில் நார்அட்ரினலின் தீரப்போகிறது என்று பம்ப் அலறியது. அந்த மருந்து நின்றால் சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். சளியை எடுக்காமல் நகர்ந்தால் இவருக்கு மூச்சு நின்றுவிடும். இருவருமே பிழைத்தார்கள். மறுநாள், அதிகாலை மூன்று மணிக்கான அளவுகள் சார்ட்டில் பதியப்படவில்லை என்று எனக்கு மெமோ வந்தது.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல். அதைத்தான் கேட்கிறோம். பணிச்சோர்வு என்பது பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்திருக்கும்போது, பணியிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு எங்களுக்கு மூச்சுப் பயிற்சி கற்பிப்பதில் என்ன பயன்?

2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழக அரசுப் பணியில் சேர்ந்த செவிலியர்களுக்கு, இரண்டே ஆண்டில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணியாளருக்குரிய ஊதியம், என்றார்கள். அந்த வாக்குறுதியை நம்பிப் பல ஆண்டுகள் காத்திருக்கப் பழகியவர்களுக்குத் தனியாகப் பொறுமைப் பயிற்சி தேவைப்படாது. அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பதறிவேன், பொறுத்தருள்க.

தங்களால் இயன்றதை மட்டும் கேட்கிறேன். எங்கள் பிரிவிலிருந்து பிற வார்டுகளுக்கு மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டவர்களைத் திரும்ப அழையுங்கள். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுசெல்லும் நேரத்தில் மாற்றாள் ஒருவரை அனுப்ப ஆணையிடுங்கள். வென்டிலேட்டர் ஒன்றுக்குச் செவிலியர் ஒருவர் என்ற அளவுக்குப் பணியிடம் கேட்டு அரசுக்குக் கருத்துரு அனுப்புங்கள். இரவுப் பணி முடித்தவர்களைப் பயிலரங்கிலிருந்து விடுவித்து, உறங்க அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்