சனசமூக நிலையம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

வாசிகசாலையும் முன்பள்ளியும் வழமைபோல் இயங்கின. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வருடம் கூட்டங்களில் அதிகம் அடிபட்டது மின்சாரம்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறன்று இலங்கை முழுவதும் மின் தடைப்பட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் (தலா 300 மெகாவாற்) நின்றுபோனதால் அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு. பின்னர் சித்திரை விடுமுறையில் கூரைச் சோலரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. விடுமுறை நாள் மத்தியானத்தில் பாவனை குறைவு, வெயிலோ உச்சம். நிலக்கரிக் கொதிகலனை அந்நேரம் அணைத்துவிட்டுப் பொழுதுபடக் கொளுத்த ஏலாது. ஆகவே கூரைச் சோலர் ஒதுங்க வேண்டியதாயிற்று. பற்றரி இல்லாமல் பனலை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் இக்கோரிக்கை திரும்பவும் வரும் என்பது செயற்குழுவின் கருத்து.

மத்தியானத்தில் இன்வேர்ட்டர் (சோலர் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி) தானாக நிற்கிறது என்ற முறைப்பாடு லைனின் கடைசி வீடுகளில் இருந்தே வந்தது. லைனின் 230 வோல்ற் 6 வீதம் வரைதான் கூடலாம், அதாவது ஏறத்தாழ 244; அதற்கு மேல் போனால் எல்லைப்படி அமைத்த இன்வேர்ட்டர் விலகிக்கொள்ளும். முதலில் இன்வேர்ட்டர் முனையிலும் மீற்றரடியிலும் ஒரே நேரத்தில் வோல்ற்றை அளக்கவும். இன்வேர்ட்டரடியில் மட்டும் கூடவென்றால் இடையில் உள்ள வயர் மெல்லிசு, மாற்ற வேண்டும். இரண்டிடமும் கூடவென்றால் லைனிலோ ரான்ஸ்போமரிலோ சரிசெய்ய வேண்டியது. அளந்த நேரத்தையும் குறித்து மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுதவும்.

பனலைக் கிணற்றுத் தண்ணீரால் வெயிலில் கழுவ வேண்டாம். எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு கண்ணாடியில் வெள்ளையாய்ப் படிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. விடியற்காலையில், மழைத்தண்ணீர், மெல்லிய துணி. கடற்கரைப் பக்கத்தார் சாதாரண இரும்பு நட்டுகளைக் கழற்றித் துருப்பிடிக்காதவற்றைப் போடவும்.

நிலக்கரி பற்றிய கலந்துரையாடலில் தமிழ்நாட்டின் நெய்வேலிச் சுரங்கமும் பேசப்பட்டது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் அங்கே நெடுங்காலமாகக் கேட்பது நிரந்தர வேலை. சோலர் வயலிலோ பனல் பூட்டும்வரைதான் ஆட்கள் வேண்டும். பூட்டியபின் கழுவ, புல் வெட்ட, காவலுக்குச் சிலரே போதும். நிலக்கரியை விட்டுச் சோலருக்கு மாற அவர்கள் தயங்குவதைப் பிற்போக்கு என்று ஒருவர் சொன்னதைக் கூட்டம் ஏற்கவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. கல் அகழ்ந்த கிடங்குகள் இன்னும் கிடக்கின்றன, வேலை வரவில்லை. அது யுத்தத்தால் வந்தது, நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதோ திட்டமிட்டு நடப்பது. ஆகவே மூடும் திகதிக்கு முன்னரே மாற்றுத் தொழிலும் நிலச் சீரமைப்பும் எழுத்தில் வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது.

வரும் ஆண்டில் பொதுப் பாவனைக்கு நல்ல மல்ரிமீற்றர் (வோல்ற் அளக்கும் கருவி) ஒன்று வாங்க அனுமதி கோருகிறேன். இரவல் கொண்டுபோவோர் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும்.

செயலாளர்