வாக்குத்தத்த அட்டையில் 10-ஆம் வசனத்தையும் அடியுங்கள்

கொழும்புத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கான வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அடித்த அட்டைகளை, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் நாங்கள் ஆளுக்கொரு அட்டை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறோம். வருஷம் முழுக்க அது பைபிளுக்குள்ளோ அலுமாரிக் கண்ணாடியிலோ இருக்கும். அந்த வழக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, எனக்கும் அட்டை பிடிக்கும். அதில் எதை அடிக்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் நம்மேல் நினைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம். அதற்கு முந்திய 10-ஆம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகே உங்களைச் சந்திப்பேன் என்று அங்கே இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதம் கிடைத்த அன்று 40 வயதாயிருந்த ஒருவர் ஊர் திரும்புவதைத் தன் கண்ணால் பார்க்க வழியே இல்லை. அதனால்தான் அதே கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் எழுதியிருக்கிறது.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் உடைத்தவர். அவர் சொன்னதைக் கேட்டதும் எரேமியா கொடுத்த முதல் பதில் "ஆமென்" என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஆசைக்குத் திகதி போட அவர் சம்மதிக்கவில்லை.

நீங்கள் திகதி போடுகிறீர்கள், ஐயாமாரே. "இந்த வருஷம் உன் சுதந்தரத்தை, உனக்குரிய பங்கை, கையில் வாங்குவாய்" என்கிறீர்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கமே அறிவித்தது. காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, கடவுச்சீட்டுக்கு வரிசை. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அந்த வருஷமும் அதே அட்டைதான். வரிசைகள் போய்விட்டன, சரி. ஆனால் அடகுக்குப் போன தாலிக்கொடி பல வீடுகளில் இன்னும் திரும்பவில்லை. கிடைக்கும் என்று சொல்லப்பட்டது கிடைக்காதபோது, "விசுவாசம் காணாது" என்று அந்தப் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். ஒரு சபையில், பெயர் வேண்டாம், நகையை ஈடு வைத்து எடுத்த காசிலிருந்தும் விதைப்புக் காணிக்கை (விதைத்தால் பெருகித் திரும்பும் என்று கேட்கும் காணிக்கை) கேட்டதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் காலேப், கானானை வேவு பார்க்க மோசே அனுப்பியவர்களில் ஒருவர். "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்று கையை உயர்த்திச் சொல்ல வைக்கிறீர்கள். மலையைச் சொல்கிறீர்கள், வயதைச் சொல்வதில்லை. வேவு பார்க்கப் போனபோது அவருக்கு 40, எப்ரோனைக் கேட்டு நின்றபோது 85. நடுவில் இருந்த 45 வருஷத்தில் பெரும்பகுதி வனாந்தரம், அதுவும் மற்றவர்களின் அவநம்பிக்கைக்காக நடந்த வனாந்தரம். அதைப் பற்றி ஒரு ஞாயிறு பிரசங்கியுங்கள், முன் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

நான் கேட்க விரும்பும் இன்னொரு பிரசங்கம் எரேமியா 32. எருசலேம் நகரத்தைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எருசலேமுக்கு நாலைந்து கிலோமீற்றர் தள்ளி இருந்த ஊர் அது. சுற்றிலும் எதிரிப் படை நிற்க, எந்தத் தரகரும் கிட்டப் போகாத நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்து வைக்கிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தன் எழுத்தராகிய பாருக்கிடம் கொடுக்கிறார். நம் நொத்தாரிசுகூட இதைவிட ஒழுங்காகக் காணி உறுதி எழுத மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு, நகரம் எதிரியின் கையில் போகிறதே, என்னை ஏன் வாங்கச் சொன்னீர் என்று ஜெபத்தில் கேட்கிறார். விசுவாசமும் மனக்கலக்கமும் ஒரே ஆளுக்குள், ஒரே நாளில். அடுத்த வருஷம் நகரம் விழுந்தது. பிறகு அவரை எகிப்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது குடியிருந்தார் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

இதைக் கேட்டால் வெள்ளவத்தையில் பல பேருக்கு விளக்கமே தேவைப்படாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளிக்கிட்டு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணியின் உறுதியை மட்டும் பொலித்தீன் உறைக்குள் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். சிலருக்குக் காணி திரும்பக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் இல்லை. கிடைத்தவர் கூடுதலாக ஜெபித்தவரும் அல்ல, கிடைக்காதவர் குறைவாக விசுவாசித்தவரும் அல்ல. பக்கத்து வாங்கில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். நாலைந்து தலைமுறை தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்தும் தங்கள் பெயரில் உறுதி என்ற ஒன்றையே காணாதவர்கள். செலொப்பியாத்தின் ஐந்து மகள்மாரும் அப்படித்தான் நின்றார்கள். இஸ்ரவேல் யோர்தானையே கடக்காத நேரத்தில், தகப்பனுக்கு மகன் இல்லாததால் எங்கள் பங்கு ஏன் போகவேண்டும் என்று மோசேயிடமே கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று கர்த்தர் சொன்னார். பொறுமையாக இரு என்று நம் பெண்களுக்குச் சொல்லும் முன் எண்ணாகமம் 27-ஐ ஒருதரம் திறந்து பாருங்கள்.

வாக்களித்த சுதந்தரம் இந்தப் பூமியோடு முடிவதில்லை என்பது எனக்கும் தெரியும். அழியாத, வாடாத சுதந்தரத்தைப் பற்றிப் பேதுரு எழுதியதும் பொந்துவிலும் கலாத்தியாவிலும் கப்பத்தோக்கியாவிலும் சிதறிக்கிடந்தவர்களுக்குத்தான். அவர்களுடைய துன்பத்தை அவர் மறைத்துப் பேசவில்லை, அடுத்த வசனங்களிலேயே சொல்லிவிடுகிறார். பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதைக் கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பவருக்குப் பதிலாகச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. அட்டையில் 11-ஐ அடித்தால் 10-ஐயும் சேர்த்து அடியுங்கள், இரண்டு வரி கூடும். கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம் என்று மேடையிலிருந்தே சொல்லுங்கள். காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஏலத்துக்குப் போகவிருக்கும் நகைகளில் சிலவற்றையாவது மீட்டுக் கொடுங்கள். எரேமியா நிறுத்துக் கொடுத்தது நிஜ வெள்ளி, ஏறக்குறைய 200 கிராம். சபையின் விசுவாசத்துக்கும் அப்படி ஒரு செலவுக் கணக்கு இருக்கட்டும், அதை அறிவிப்புப் பலகையிலும் போடுங்கள்.

சாட்சி நேரத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், வீடு வாங்கியவர் எல்லோரும் பேசட்டும், சந்தோஷம். அவர்களுக்குப் பிறகு, இந்த வருஷம் ஒன்றுமே கிடைக்காமல் இன்னும் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் மைக்கைக் கொடுங்கள். அவர் முடித்ததும் "அடுத்த வருஷம் நிச்சயம்" என்று யாரும் சொல்ல வேண்டாம். எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து 23-ஆம் வசனத்தை வாசியுங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியலில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து,
சபை அங்கத்தவர் ஒருவர்