முள்ளுக்கு உன் மாலையும் போட்டாச்சு

அன்புள்ள பட்டாளத்துக்கு,

வாத்தி எழுதுவது. போனில் சொன்னால் உனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. பீரங்கிப் படையில் காதைத் தொலைத்தவனிடம் சாவுச் செய்தியைக் கத்திக் கத்திச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "எல்லாத்தையும் விவரமா எழுதுடா" என்றாய். காரியம் முடியட்டும் என்று இருந்தேன். நீ சொன்னபடி நம்ம கூட்டாளி முள்ளுக்கு உன் பேரில் ஒரு மாலை போட்டேன், சாமந்தி மாலை. ரோஜா மாலை போட்டிருந்தால் "இன்னாத்துக்குடா தண்டச் செலவு" என்று பெட்டிக்குள்ளிருந்தே கேட்டிருப்பான்.

மாசி மாதம், சனிக்கிழமை விடிகாலை. எழுந்து வாசலுக்கு வந்தவன், திண்ணையில் உட்கார்ந்து "ஒரு சொம்பு தண்ணி குடு" என்றிருக்கிறான். தண்ணி எடுத்துக்கொண்டு அவன் சம்சாரம், அந்தம்மா, வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வண்டி கூப்பிடக்கூட யாருக்கும் நேரம் தரவில்லை. இருந்த காலத்தில் யாருக்கும் ஒரு தொந்தரவு தராதவன், போனதும் அப்படியே.

முன்பெல்லாம் சாவு சொல்ல ஊர் ஊராக ஆள் அனுப்புவோமே. இப்போது ஏழு மணிக்குள் அவன் போட்டோவும் ஒரு விளக்குப் படமும் எல்லார் போனுக்கும் போய்விட்டது. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக நின்று, குடியாத்தத்துக்கு ஒரு பையனை பைக்கில் அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து மகள் வந்துசேர மதியம் ஒரு மணி. அதுவரைக்கும் ஐஸ் பெட்டி. மகன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன், கம்பெனி சட்டையோடே நாள் முழுக்க நின்றான்.

குளிப்பாட்டும்போது நானும் கை கொடுத்தேன். அவன் உள்ளங்கையைப் பார்த்தேன் பட்டாளம். நாற்பது வருஷம் முள்ளுக் கத்திரி பறித்த கை. விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. சோப்புப் போட்டுத் தேய்த்தார் நாவிதர். போகவில்லை. 2023-ல் நம்ம இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "குறியீடு குடுத்துட்டா இனிமே காம்பு குத்தாதா வாத்தி?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்னமும் என்னிடம் பதில் இல்லை.

இனி அவன் தம்பிக்காரன் விஷயம். நீ கேட்கத் துடிப்பது அதுதான் என்று தெரியும்.

2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அறிவித்தார்களே, அந்த வருஷம் அண்ணன் தம்பிக்குள் தொடங்கிய சண்டை. பங்குக் கிணறு, நாள் விட்டு நாள் முறை. கிணற்றில் இருந்ததோ முழங்கால் தண்ணி. முள்ளுவின் முறை நாளில் மோட்டார் ஓட்டும் மும்முனை கரண்ட் போய்விட்டது, மறுநாள்தான் வந்தது. "போன நேரத்தை எனக்குக் கழிச்சிக் குடு" என்றான் இவன். "கரண்ட் போனது உன் தலையெழுத்து, முறை முறைதான்" என்றான் அவன். அவ்வளவுதான் சங்கதி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது இந்தக் கிணறும் மேலே வழிந்தது. குனிந்து கையாலேயே மொண்டு குடிக்கலாம். இரண்டு பேர் வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் எத்தனையோ முறை நடுவில் புகுந்து பேசிப் பார்த்தேன், வாத்தியார் வேலையை ஸ்கூலோடு வைத்துக்கொள் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

சாவு அன்று தம்பி காலையிலேயே வந்துவிட்டான். உள்ளே வரவில்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். பெட்டி பக்கம் ஒப்பாரி நடக்கிறது. அந்தம்மா அதுவரைக்கும் மெதுவாக அழுதுகொண்டிருந்தவள், அவனைக் கண்டதும் குரலைத் தூக்கினாள்:

"பாதிக் கெணறு பாகம் வெச்சீங்க, என் ராசாவே,
மீதிக் கெணறு பேசலியே,
மோட்டாருக்கு மொற கேட்டீங்க, என் ராசாவே,
மூச்சுக்கு மொற வந்துடுச்சே!"

தெரு அடங்கிவிட்டது. எட்டு வருஷம் ஒருவரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லாததை ஒப்பாரியில் சொல்லிவிட்டாள். ஒப்பாரியில் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது பார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

அப்புறம் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கும் நேரம் வந்தது. பங்காளி இல்லாமல் யார் போவது? ஊர்ப் பெரியவர் யாரையும் பார்க்காமல், "பங்காளிங்க குடத்தை எடுங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னார். அவன் மரத்தடியை விட்டு வந்தான், குடத்தை எடுத்தான். மேளம் முன்னே போக, அதே பங்குக் கிணற்றிலிருந்து தண்ணி வந்தது. எவ்வளவு பகை இருந்தாலும் தீட்டு பங்காளியை விடாது என்பார்கள். நான் இந்தத் தீட்டுச் சமாச்சாரத்தையெல்லாம் வகுப்பில் கிண்டல் அடித்தவன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

சனிப் பொணம் தனியாப் போகாது என்று பாடையில் ஒரு கோழியைக் கட்டினார்கள். அது பேத்தி வளர்த்த கோழி! ஏழு வயசு. தாத்தாவுக்கு அழுகிறாளா கோழிக்கு அழுகிறாளா என்று தெரியாமல் ஒரே அழுகை. நெய்ப்பந்தத்தைக் கையில் கொடுத்து நிற்கவைத்தால், கண் பந்தத்தில் இல்லை, கோழி மேலேயே இருந்தது. மயானத்து வாசல் அரிச்சந்திரன் கல்லாண்ட பாடையை இறக்கித் திருப்பும்போது கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. அவ்வளவு துக்கத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டோம். அவன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பான். வேறு கோழி கட்டித்தான் மேலே போனோம். ஓடின கோழி மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நின்றதாம்.

பால் தெளித்தது, படையல் எல்லாம் வழக்கம் போலத்தான்.

பதினைந்தாம் நாள் ராத்திரி கூத்து வைத்தார்கள், கர்ண மோட்சம். மகனுக்கு அதில் விருப்பமில்லை, பந்தலில் ஸ்பீக்கர் போதும் என்றான். "நம்ம நைனாவுக்கும் அதுதான் வெச்சோம்" என்று தம்பிக்காரன் சொன்னான். அண்ணன் மகனிடம் எட்டு வருஷத்துக்கப்புறம் அவன் பேசிய முதல் பேச்சு அது. நம்ம காலம் போல இல்லை, விடியும் வரைக்கும் உட்கார்ந்தது முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் கூத்துக் கோமாளி கட்டியங்காரன் வந்து நின்றதும் எனக்கு அரைக்கால் சட்டை வயசு வந்துவிட்டது. நாம் மூணு பேரும் ஒரே கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ போர்க்களம் வருவதற்கு முன்பே தூங்கிவிடுவாய், அப்புறம் பட்டாளத்துக்குப் போனாய்!

விடிகாலை நாலு மணி இருக்கும். கர்ணன் விழுந்துவிட்டான். குந்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு "என் தலைப்பிள்ளை" என்று அழுகிறாள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து அழுகிறார்கள். கொன்றது அண்ணனை என்று அர்ச்சுனனுக்கு அப்போதுதான் தெரிகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். பந்தல் காலாண்ட உட்கார்ந்திருந்த தம்பிக்காரனைக் காணோம். துண்டு மட்டும் கிடந்தது.

மறுநாள் காரியத்தில் ஒரு சின்னத் தகராறு. அந்தம்மாவுக்கு வளையல் உடைக்க வந்த கிழவிகளை மகள் கிட்டவே விடவில்லை. "எங்கம்மாவை எவளும் தொடக்கூடாது" என்றாள். ஊர் முணுமுணுத்தது. கடைசியில் அந்தம்மாவே உள்ளே போய், தானே கழற்றிப் பாலில் போட்டுவிட்டு வந்தாள். கையில் இரண்டு வளையல் அப்படியே இருந்தது. நான் மகள் கட்சி. உன் கட்சியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

காரியம் முடிந்ததும் மகனை நான்தான் வி.ஏ.ஓ.விடம் கூட்டிக்கொண்டு போனேன். இருபத்தோரு நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிட்டால் அலைச்சல் இல்லை. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். திரும்பும் வழியில் கழனிப் பக்கம் போனோம். பதினாறு நாளாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை, செடி காய்ந்திருக்கும் என்று அவன் கலங்கிக்கொண்டே வந்தான். போய்ப் பார்த்தால் கால்வாய் ஈரம். செடி பச்சைப் பசேல் என்று நிற்கிறது, காய் முற்றித் தொங்குகிறது.

தம்பிக்காரன் மோட்டார் கொட்டகையில்தான் இருந்தான். "நீயா எறைச்ச?" என்றேன்.

"நாள் விட்டு நாள் அவன் மொற வாத்தியாரே. அவன் நாள்ல என் கழனிக்கு நான் எறைச்சிக்க முடியுமா?"

"நடுவுல கரண்ட் போச்சே, அப்ப?"

என்னை ஒரு முறை முறைத்தான். "கழிச்சிக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனான்.

இதைப் பாசம் என்பதா, வீம்பு என்பதா, எனக்குப் பிடிபடவில்லை. மகன் கழனியை விற்பானா, யாருக்கு விற்பான் என்பதும் தம்பிக்காரன் கணக்கில் இருக்கலாம். நான் வாத்தியார், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பழகிவிட்டேன்.

நம்ம தபால்காரர் மருமகன் அடுத்த வாரம் செகந்திராபாத் வருகிறான். இரண்டு கிலோ காய் கொடுத்தனுப்புகிறேன். அந்தம்மாதான் உனக்கென்று பறித்து வைத்திருக்கிறாள். உன் வீட்டில் சொல்லிவை, பையில் அப்படியே கையை விட்டுவிடப் போகிறார்கள். காம்பெல்லாம் முள்.

உன்,
வாத்தி