சனிக்கிழமை பறவைப் பூங்கா: எல்லாரும் படிச்சிடுங்க

உறவுகளே, சனிக்கிழமை காலை 8.45க்கு காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்துல கூடுறோம். அங்கிருந்து ‘பர்ட் பாரடைஸ்’ பறவைப் பூங்காவுக்கு மண்டாய் ஷட்டில் பஸ்.

நம்ம சிங்கப்பூர் ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில மூடினப்போ மனசு கனத்துப் போச்சு. நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடம் அது. அந்தப் பறவைகள்தான் இப்போ மண்டாய் ‘பர்ட் பாரடைஸ்’ல இருக்கு, சின்னதுங்களுக்கு அதைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க.

10.30க்கு வேட்டைப் பறவைகள் காட்சி, 12.30க்கு கிளிகள் வர்ற பெரிய காட்சி. ரெண்டுக்கும் அரை மணி முன்னாடியே உட்காரணும். போன தடவை பருந்து ஒண்ணு எங்க தலைக்கு ஒரு சாண் மேல பறந்துச்சு. இறக்கைக் காத்துல பாப்பாவோட முன்முடி கலைஞ்சு போச்சு, அவ மூச்சே விடல! அந்த நேரம் யாரும் கையைத் தூக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, பறவைக்கு அடிபட்டுடும். பிள்ளைங்ககிட்ட வீட்டிலேயே சொல்லி வைங்க.

பெரியத்தை, மாமா, 60 தாண்டினவங்க ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்குங்க, டிக்கெட் விலை குறைவு. மழைக்கோட்டு, தண்ணி போத்தல் அவசியம். பறவைகளுக்கு நம்ம முறுக்கு வேண்டாம்.

வர்றவங்க வியாழன் ராத்திரிக்குள்ள தலை எண்ணிக்கை போடுங்க.